இன்னும் ஊதுங்க ஆச்சி

என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். உள்ளே நான் போடும் சத்தம் அப்படி. "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, நெஞ்சு முட்ட... ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்டுராதீங்க, உள்ள இன்னும் இருக்கு, ஊதுங்க ஆச்சி!" ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று தடவை ஊத வேண்டும், சிலர் எட்டுத் தடவை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கும். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில் பதினான்கு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பிஎஃப்டி டெக்னீஷியன், அதாவது நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊதவைத்து அளப்பவள் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. ஊரில் யாராவது கேட்டால் என் அம்மா, "ஆஸ்பத்திரில எல்லாரையும் ஊதச் சொல்லுத வேலை" என்பாள்.

வாட்ஸ்அப் வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சொந்தக்காரர், சொந்தக்காரருக்குத் தெரிந்தவர், கூடப் படித்தவளின் மாமனார் என்று யாராவது ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். பாதிப் பேர் அனுப்புவது தாளின் கடைசி வரியை மட்டும்தான். மெஷினே அச்சடித்துத் தரும் வரி அது. அடைப்பு, சுருக்கம், இயல்பு என்று மூன்றில் ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லி, முன்னால் லேசான, மிதமான, கடுமையான என்று ஒரு அடைமொழியும் போட்டிருக்கும். "என்னக்கா இது, பயப்படணுமா?" என்று கீழே ஒரு கேள்வி. நோய் இன்னதென்று சொல்ல வேண்டியவர் டாக்டர், நான் சொல்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில் அனுப்புகிறேன்: "அந்தக் கடைசி வரியை விடுங்க. மேலே ரெண்டு கோட்டுப் படம் இருக்கும், அதை அனுப்புங்க."

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முக்கூடலிலிருந்து காலை எட்டு மணிக்கு வருகிற பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க இடமில்லாமல் வந்து ஜங்ஷனில் நிற்கிறது. மொத்தம் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது எஃப்விசி. அதாவது நெஞ்சு முட்ட இழுத்த காற்றை வேகமாக, இனி ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் வெளியே தள்ளினால் வரும் மொத்த அளவு. கதவு திறந்த முதல் ஒரு நொடியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது எஃப்இவி1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது விகிதம். ஸ்பைரோமெட்ரி என்கிற இந்த ஊதும் பரிசோதனையின் முக்கால்வாசி இந்த மூன்று எண்களில் அடங்கிவிடும்.

நல்ல நுரையீரலில் முதல் நொடியிலேயே நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு காற்று வெளியே வந்துவிடும். கதவு சரியாகத் திறக்காத பஸ்ஸில் அதே கூட்டம் இருந்தாலும் ஒவ்வொருவராகப் பிதுங்கி இறங்க வேண்டியிருக்கும். இதுதான் அடைப்பு. ஆஸ்துமாவும், சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இந்த வகை. மொத்தம் அதிகம் குறையாது, முதல் நொடிக் கணக்கு சரிந்துவிடும், விகிதம் விழும். இன்னொரு பக்கம், வந்ததே மினி பஸ் என்றால்? ஏறினதே கொஞ்சம் பேர், சட்டென்று இறங்கிவிடுவார்கள். மொத்தம் குறைவு, விகிதம் மட்டும் நன்றாகவே இருக்கும், சமயத்தில் இயல்பைவிடக் கூடுதலாகவும் இருக்கும். இது சுருக்கம். நுரையீரல் தழும்பேறிப் போனவர்கள், முதுகெலும்பு வளைந்தவர்கள், மூச்சுத் தசை பலவீனமானவர்கள், உடம்பு மிகவும் பருத்தவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள்.

எல்லாரும் இறங்கின பிறகும் டிரைவரும் கண்டக்டரும் உள்ளேதான் இருப்பார்கள். எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் காற்று உள்ளேயே தங்கும். அதை எங்கள் குழாய் எண்ண முடியாது. கதவு ரொம்பவும் சிக்கிக்கொண்ட பஸ்ஸில் பயணிகளிலேயே பலர் இறங்க முடியாமல் டிரைவரோடு தங்கிவிடுவார்கள். வெளியிலிருந்து எண்ணுகிறவனுக்குக் கூட்டமே குறைவு என்றுதான் தோன்றும். அதனால் ஊதிய காற்றை மட்டும் வைத்து 'சுருக்கம்' என்று உறுதியாகச் சொல்லக்கூடாது. உள்ளே தங்கியதையும் சேர்த்து அளக்கும் வேறு பரிசோதனைகள் இருக்கின்றன: ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து அளப்பது, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து அளப்பது. சின்ன ஊர்களில் அந்தக் கூண்டுக்கு எங்கே போக? ஆனாலும் மெஷின் கூசாமல் அச்சடிக்கும், சுருக்கம் என்று.

சரி, கதைக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு என்ன தொழில் என்று நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போன வயதிலிருந்து மடியில் தட்டை வைத்து பீடி சுற்றியவள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம். ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. 2022இல் ஊரில் ஒரு இலவச முகாம் நடந்தது. மாடிப்படி ஏறினால் இளைப்பு, காலையில் கோழை என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். ஊதச் சொன்னார்கள், ஊதினாள், தாள் வந்தது. மிதமான சுருக்கம். "நுரையீரல் சுருங்கிப்போச்சும்மா, சிடி எடுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிடி எடுத்தாள். அதில் தழும்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. ஒன்றுமில்லை, வயசுதான் என்று ஒருவர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். ஒரு வருஷம் போய்விட்டது.

இந்த ஒரு வருஷமும் எனக்குத் தெரியாது. "நீ வேலைக்குப் போற புள்ள, உன்னப் போட்டு எதுக்குக் கொழப்பணும்னு விட்டுட்டேன்" என்றாள். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை அளக்கிற ஒருத்தியின் அம்மா! ஒரு பொங்கலுக்குப் போனபோது கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். விசாரித்ததில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மஞ்சப்பையை எடுத்துவந்தாள். உள்ளே அந்த முகாம் தாள்.

எஃப்விசி 1.42 லிட்டர், இருக்க வேண்டியதில் 65 சதவீதம். எஃப்இவி1 1.08 லிட்டர், 62 சதவீதம். விகிதம் 76. எண்களை மட்டும் பார்த்தால் மினி பஸ்தான், சந்தேகமே இல்லை. என் கண் போனது அவற்றுக்குக் கீழே இருந்த கோட்டுக்கு. கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் காற்று. அந்தக் கோடு செங்குத்தாக ஏறி, மெல்ல வளைந்து, கடைசியில் மேசைபோலச் சமமாக ஓட வேண்டும். சமமானால்தான் இனி உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். அம்மாவின் கோடு ஏறிக்கொண்டே இருக்கும்போது கத்தரியால் வெட்டியதுபோல 2.1 நொடியில் நின்றிருந்தது. முழுக் கூட்டமும் இறங்கும் முன்பே கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை எடுத்துவிட்டார். இறங்கினவர்களை மட்டும் எண்ணி, வந்தது மினி பஸ் என்று எழுதிவிட்டார்கள்.

கணக்கு எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். அடைப்பு இருப்பவர்கள் முதல் நொடியில் விடுவதை விட்டுவிடுவார்கள். மீதி சொட்டுச் சொட்டாக ஏழு, எட்டு நொடி வந்துகொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் மொத்தம் மட்டும் குறையும். வகுக்கும் எண் குறைந்தால் விகிதம் ஏறும். அதாவது இருக்கிற அடைப்பு மறைந்து, இல்லாத சுருக்கம் முளைக்கும். இரண்டு தப்பும் ஒரே இடத்தில்.

மறுவாரம் அம்மாவை வரச்சொன்னேன். வேய்ந்தான்குளத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். குழாயை வாயில் வைத்து முதல் தடவை ஊதினாள். கன்னம் இரண்டும் பலூன்போல உப்பின, புஃப் என்று ஒரு ஊது, முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஊதாங்குழல் ஊதுகிற ஊது. நாற்பது வருஷமாக அவள் வாயில் வைத்த ஒரே குழல் அதுதானே. அடுப்பில் கங்கு எழும்ப வேண்டுமென்றால் கன்னத்தில் காற்றை அடக்கி, குறி பார்த்து, சின்னச் சின்னதாக ஊத வேண்டும். நெஞ்சிலிருந்து முழுக்க ஊதினால் சாம்பல்தான் முகத்தில் பறக்கும். எங்கள் பக்கத்து ஆச்சிமார் யாருக்கும் முதல் தடவை ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. "அடுப்பு ஊதாதம்மா. வாயத் தொறந்து கண்ணாடில ஆவி அடிக்கிற மாதிரி, ஆனா வேகமா" என்று செய்துகாட்டினேன்.

இரண்டாவது தடவை தொடக்கம் நன்றாக வந்தது, மூன்றாவது நொடியில் நிறுத்திவிட்டாள். மறுபடியும் மூன்றாவது நொடியில். என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற ஆச்சிகளிடம் முதலிலேயே கேட்கிற கேள்வி, என் அம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன். முக்கி ஊதும்போது வயதான பெண்கள் பலருக்குச் சிறுநீர் கசியும். வெளியே சொல்லமாட்டார்கள். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் நடுவிலேயே நிறுத்திக்கொள்வார்கள். அது ரிப்போர்ட்டில் நுரையீரல் நோயாகப் பதிவாகும். பாத்ரூம் போய்வரச் சொன்னேன், ஒரு பழைய துண்டும் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள் 8 நொடி ஊதினாள். நான் கத்திய கத்தலில் பழக்கதோஷத்தில் பெற்ற தாயை "இன்னும் ஊதுங்க ஆச்சி" என்று சொல்லியிருக்கிறேன். வெளியே இருந்த நர்ஸ் இன்றுவரை அதைச் சொல்லிக் கேலி செய்கிறாள்.

எஃப்விசி 2.02. எஃப்இவி1 1.10. விகிதம் 54. மினி பஸ் காணாமல் போய், கதவு சிக்கிய பெரிய பஸ் நின்றுகொண்டிருந்தது.

பிறகு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூடு வைத்து, மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து நான்கு பஃப், மொத்தம் 400 மைக்ரோகிராம். பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடியும் ஊதினாள். எஃப்இவி1 1.16, எஃப்விசி 2.10, விகிதம் 55. மருந்துக்கும் கதவு பெரிதாகத் திறக்கவில்லை. மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 70க்குக் கீழே நின்றால் சிஓபிடி என்கிற பக்கம்தான் டாக்டர் யோசிப்பார். எஃப்இவி1 இருக்க வேண்டியதில் 66 சதவீதம். 50க்கும் 79க்கும் நடுவில் இருப்பதால் இரண்டாம் நிலை. எங்கள் டாக்டர் அம்மாவிடம் நோயைப் பற்றிக் கேட்டதைவிட அடுக்களையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எந்த விறகு? உடைமுள், பனமட்டை, தென்னமட்டை. புகைபோக்கி? அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். ஓடு வேய்ந்த தாழ்வான அறை, ஒரு சன்னல், அதையும் பூனை வருகிறதென்று அடைத்து வைத்திருந்தோம். கேஸ் வந்தபிறகும் அது டீ போட மட்டும். சோறும் வெந்நீரும் விறகில்தான். அதே வீட்டில் தட்டில் புகையிலைத் தூள். திண்ணையில் அப்பாவின் பீடி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பீடி, சிகரெட் பிடிக்காத பெண்களுக்கு சிஓபிடி வருவதில் விறகுப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. "புகை பிடிப்பீர்களா" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டால் எங்கள் மாவட்டத்துப் பெண்களில் பாதிப் பேரின் நோய் தப்பிவிடும் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த இன்னொரு கோட்டுப் படம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காற்றின் வேகத்தையும் அளவையும் ஒன்றாகப் போடுகிற வளையம். ஊதத் தொடங்கியதும் கோடு மலை உச்சிபோலச் சடாரென்று ஏறும், பிறகு கிட்டத்தட்ட நேர்ச்சரிவாக இறங்கும். அடைப்பு இருந்தால் அந்தச் சரிவு ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொய்ந்துவிடும். சுருக்கம் என்றால் உச்சி உயரமாகவே இருக்கும், ஆனால் மொத்தப் படமும் ஒல்லியாக இருக்கும். ஊதியவர் ஏமாற்றினாலும் இந்தப் படம் காட்டிக்கொடுத்துவிடும். மெதுவாகத் தொடங்கியிருந்தால் உச்சி மழுங்கிப் பாறைபோல உருண்டிருக்கும். முதல் நொடியில் இருமியிருந்தால் ரம்பப் பல் தெரியும். ஏமாற்றுவது என்றதும் சொல்லத் தோன்றுகிறது: ஊனச் சான்றிதழுக்காக வேண்டுமென்றே குறைத்து ஊதுகிறவர்களும் வருவார்கள். மூன்று தடவையும் ஒரே மாதிரி பொய் ஊதுவது கஷ்டம். நல்ல ஊதுகளில் சிறந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பொய் ஊதுகிறவருக்கு அது ஒரு லிட்டர்கூடத் தள்ளி நிற்கும்.

வளையத்தின் மேல் பாதியை எல்லாரும் பார்ப்பார்கள். கீழ்ப் பாதி, அதாவது காற்றை உள்ளே இழுக்கும் பகுதி, பலருக்கு வெறும் அலங்காரம். மூன்று வருஷத்துக்கு முன் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆறு மாதமாக ஆஸ்துமா என்று இன்ஹேலர் எடுக்கிறாள், குறையவில்லை. ஊதவைத்தேன். மேலே உச்சியே இல்லை; தட்டையாக வெட்டிய கூரை. கீழேயும் அதே தட்டை. வளையம் தீப்பெட்டி மாதிரி இருந்தது. மூன்று தடவையும் தீப்பெட்டிதான். ஊதத் தெரியாதவளின் படம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இது அச்சுப்போல ஒன்றாக இருந்தது. அவள் மூச்சை இழுக்கும்போதுதான் சத்தம் அதிகம் கேட்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். "இதுக்கு முன்னால எப்பவாவது ஆஸ்பத்திரில இருந்தியாம்மா?" என்று கேட்டேன். கூட வந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எட்டு மாதத்துக்கு முன் பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்திருக்கிறாள். எதனால் என்று நான் கேட்கவில்லை. தொண்டைக்குள் வைத்திருந்த குழாய் எடுத்த பிறகு அந்த இடத்தில் மூச்சுக்குழல் தழும்பாகிச் சுருங்கியிருந்தது. ஓட்டை எப்போதும் ஒரே அளவு என்பதால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒரே இடத்தில் தட்டிவிடுகின்றன, அதனால்தான் தீப்பெட்டி. டாக்டர் உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்து உறுதிசெய்து, அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினார். எண்களை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு இன்னொரு இன்ஹேலர் கூடியிருக்கும்.

சதவீதம் சதவீதம் என்கிறோமே, எதில் சதவீதம்? அதற்கு வெகுதூரம் பின்னால் போக வேண்டும். 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த ஒரு கலத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், ஏழைகள் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம். ஆயுள் காப்பீட்டுக்கு யார் நீண்டநாள் இருப்பார் என்று கணிக்க இது உதவும் என்று நம்பினார். எடையைவிட உயரத்தோடுதான் மூச்சு ஒத்துப்போகிறது என்று கண்டவர் அவர்: உயரம் ஓர் அங்குலம் கூடினால் எட்டு கன அங்குலம் காற்று கூடும். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் உயரம், வயது, பாலினம் மூன்றையும் வைத்துத்தான் மெஷின் 'உங்களுக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கணக்குப் போடுகிறது.

உயரம் என்றதும் என் பாவக்கணக்கில் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தாத்தாவிடம் உயரம் கேட்டேன். "அஞ்சே முக்கால் அடிம்மா" என்றார் மிடுக்காக. அப்படியே தட்டிவிட்டேன். அவர் சொன்னது ராணுவத்தில் சேர்ந்தபோது அளந்த உயரம். நாற்பது வருஷம் கழித்து, கூன் விழுந்து, மூன்றங்குலத்துக்கு மேல் போயிருந்தது. நல்ல நுரையீரலைக் கடனாளி ஆக்கிவிட்டேன். டாக்டர் ஆளைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்து, "இவரை நிக்க வச்சு அளந்தியாம்மா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றவைத்துச் சுவரோரம் நிறுத்தி அளக்காமல் யாரையும் உட்காரவிடுவதில்லை. முதுகு வளைந்தவர்களுக்கு இரண்டு கையையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிப்போம்.

அடுத்த வம்பு, யாரோடு ஒப்பிடுவது. 2012இல் உலக அளவில் ஒரு பெரிய கணக்கு வெளியானது, ஜிஎல்ஐ என்பார்கள். மூன்று வயதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை, புகை பிடிக்காத ஆரோக்கியமானவர்கள் 74,187 பேர். அதில் 57,395 பேர் வெள்ளையர்கள். மீதி கறுப்பின அமெரிக்கர்கள், வடகிழக்கு ஆசியர்கள், தென்கிழக்கு ஆசியர்கள். நூறு கோடிக்கு மேல் மூச்சுவிடுகிற நாம் அந்த நான்கு குழுவிலும் இல்லை. 'மற்றவர்கள்' என்ற ஐந்தாவது பெட்டியில் உட்கார வேண்டும். 2022இல் இனப்பிரிவே இல்லாத பொதுச் சமன்பாடும் வந்துவிட்டது. இங்கே நிலைமை என்னவென்றால், மெஷின் விற்கிற கம்பெனிக்காரர் முதல் நாள் எதை அமைத்துவிட்டுப் போனாரோ அதுவே பல இடங்களில் வருஷக்கணக்கில் ஓடும். ஒரே ஆச்சி ஒரே ஊது ஊதினாலும் ஒரு மெஷினில் 85 சதவீதம், இன்னொன்றில் 74 என்று வரலாம். ஆகவே இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது சதவீதத்தை ஒப்பிடாதீர்கள், லிட்டரை ஒப்பிடுங்கள். லிட்டருக்குச் சாதி, மதம், இனம் கிடையாது.

80 சதவீதத்துக்கு மேல் என்றால் பாஸ், விகிதம் 70க்குக் கீழே என்றால் ஃபெயில் என்பதும் ஒரு வசதிக்காக வைத்துக்கொண்ட கோடுதான். வயது ஏற ஏற விகிதம் இயல்பாகவே இறங்கும். எழுபத்தைந்து வயதில் நன்றாக வயலுக்குப் போய்வருகிற ஒருவருக்கு 68 வரலாம். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு 72 வந்தால் அது சரியில்லை. இதற்காகத்தான் இப்போது இசட் ஸ்கோர் என்று ஒரு பத்தி அச்சாகிறது. அந்த வயது, அந்த உயரத்தில் உள்ள நூறு ஆரோக்கியமானவர்களை வரிசையாக நிறுத்தினால் கடைசி ஐந்து பேர் நிற்கும் இடம் மைனஸ் 1.645. அதற்கும் கீழே போனால்தான் யோசிக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களிலும் ஐந்து பேர் அங்கே நிற்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆஸ்துமாக்காரர்கள் என்னைப் படுத்துகிற விதம் வேறு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் பிடித்து, எல்லாரும் கார் பிடித்து அருவிக்கு ஓடுகிற நேரத்தில் எனக்கு இந்தக் கூட்டம் வரும். ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்த பையன், காலை பதினொரு மணிக்கு என் முன்னால் வந்து பாடகன் மாதிரி ஊதுவான். எல்லா எண்ணும் இயல்பு. "ஒண்ணுமில்லன்னு வந்துட்டு, இவன் நடிக்கான்" என்று அப்பா முறைப்பார். ஆஸ்துமா வந்து போகிற நோய். போன நேரத்தில் அளந்தால் தெரியாது. இயல்பு என்று வந்த ரிப்போர்ட் ஆஸ்துமா இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அந்தப் பையனுக்கு டாக்டர், ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் ஊதி நோட்டில் எழுதச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வந்த நோட்டில் காலையில் 310, சாயங்காலம் 420. மறுநாள் 300, 410. நாளுக்கு நாள் இப்படி ஏறி இறங்கினால் அதுவே பதில். அப்பா நோட்டைப் புரட்டிவிட்டு எதுவும் பேசவில்லை. பையன்தான் அவரைத் திருப்பி முறைத்தான்.

இன்னும் சிலர் பஸ்ஸில் முட்டுகிறதே என்று வருகிற வழியிலேயே இரண்டு பஃப் அடித்துவிட்டு வருவார்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள். பிறகு நான் மருந்து கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன? மருந்துக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தில்தான் பல நேரம் நோயே இருக்கிறது. பழைய விதிப்படி, மருந்துக்குப் பிறகு எஃப்இவி1 அல்லது எஃப்விசி 12 சதவீதமும் கூட வேண்டும், 200 மில்லியும் கூட வேண்டும். இரண்டும் எதற்கு என்றால், எஃப்இவி1 வெறும் 0.8 லிட்டர் இருப்பவருக்கு 12 சதவீதம் என்பது நூறு மில்லிகூட இல்லை. அது மருந்து செய்த மாற்றமா, அடுத்த ஊதில் கொஞ்சம் தம் கட்டியதா என்று யாருக்குத் தெரியும்? 2022க்குப் பிறகு, இருக்க வேண்டிய அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பையன் போன்றவர்கள் மோசமான ஒரு நாளில் வந்தால் 2.30 லிட்டர் 2.80 ஆகும். எந்த விதியை வைத்தாலும் தேறிவிடுவார்கள்.

நிஜமான மினி பஸ்ஸும் வரும். பந்தயப் புறா வளர்க்கிற ஒரு அண்ணாச்சி, மாடியில் நாற்பது ஜோடி. ஒரு வருஷமாக வறட்டு இருமல், நடந்தால் முட்டல். மொத்தம் பாதிதான், விகிதம் 87, கோடு கடைசிவரை ஓடிச் சமமாகியிருக்கிறது, மூன்று தடவையும் அதே. இப்படி வரும்போது நான் மெஷினோடு ஒத்துப்போவேன். அவருக்கு அடுத்த பரிசோதனையும் செய்தோம்: துளியூண்டு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, பத்து நொடி அடக்கி, விட வேண்டும். எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்று தெரியும். காற்று வந்து போவது வேறு, உள்ளே கலப்பது வேறு. தழும்பேறிய நுரையீரலில் இரண்டாவதுதான் முதலில் அடிவாங்கும். இந்தப் பரிசோதனையில் ரத்தசோகையும் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபின் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. அண்ணாச்சிக்கு ரத்தம் நன்றாகவே இருந்தது, கலப்பது பாதிக்கும் கீழே. சிடி, மற்ற விசாரிப்புகள் எல்லாம் முடிந்து டாக்டர் புறாவைக் கைகாட்டினார். "மருந்து எத்தன வேணா எழுதுங்க சார், புறாவ மட்டும் விடச் சொல்லாதீங்க" என்று அவர் கெஞ்சியது என் அறைவரை கேட்டது.

காசநோய் வந்து ஆறியவர்களின் படம் எந்தப் பெட்டியிலும் அடங்காது. ஒரு பக்கம் தழும்பு, ஒரு பக்கம் விரிந்து தொங்கும் குழல்கள். தொய்வும் இருக்கும், ஒல்லியாகவும் இருக்கும். கல் கிரஷரில் வேலை பார்த்தவர்களும் அப்படித்தான். இங்கெல்லாம் ஊதிய தாளைவிட அவர்கள் சொல்கிற கதைதான் அதிகம் பேசும்.

அம்மாவுக்கு நாளுக்கு ஒரு தடவை இழுக்கிற மருந்தும், தடுப்பூசியும், தினம் வாய்க்கால்வரை நடையும் எழுதிக்கொடுத்தார்கள். மருந்து இழுக்கவும் மூன்று நாள் பாடம் எடுத்தேன். அங்கேயும் முதலில் ஊதாங்குழல்தான் வந்தது. சன்னலைத் திறந்தாயிற்று, பூனையும் வருகிறது. சோறு இப்போது கேஸில். வெந்நீர் மட்டும் இன்னும் விறகில்தான், கொல்லைப்புறத்தில், வெட்டவெளியில். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போன மாதம் வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்தாள். தானாகவே பாத்ரூம் போய்வந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நின்றாள். ஒன்பது நொடி ஊதினாள். எஃப்இவி1 1.13. போன தடவை மருந்துக்குப் பின் 1.16, முப்பது மில்லி வித்தியாசம், அவள் ஊதும் ஊதுக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம்.

"ஏட்டி, கூடியிருக்கா?"

"கூடவும் இல்ல, கொறையவும் இல்லம்மா. அப்படியே இருக்கு."

குழாயை என் கையில் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள். "அப்போ இதுக்கா என்னைய இம்புட்டு நேரம் ஊத விட்ட?"